லேசர் சிகிச்சை பெற்ற கண்ணில் புரை: லென்ஸின் திறனைக் கணிக்கும் முறை

கண்ணின் இயற்கை லென்ஸ் தெளிவிழந்து மங்குவதே புரையாகும். மங்கிய லென்ஸை அகற்றி, அதனிடத்தில் செயற்கை லென்ஸைப் பொருத்துவது இன்று சிறு நகரங்களிலும் அன்றாடம் நடைபெறும் சிகிச்சை. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாக இத்தகைய லென்ஸைக் கண்ணினுள் வைத்தார். அதன் திறன் அளவுக்கு மிஞ்சியிருந்தமையால் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. லென்ஸைப் பொருத்துவதைப் போலவே, எத்திறனுடைய லென்ஸைப் பொருத்துவது என்பதும் பெரும் வினாவாக அன்றே எழுந்தது.

பிற்காலத்தில் இவ்வினாவுக்குச் சூத்திரங்கள் அமைந்தன. 1980-இல் ஸாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், க்ராஃப் ஆகிய மூவர் வெளியிட்ட சூத்திரம் எளிமையானது. லென்ஸின் நிலை எண்ணிலிருந்து, கண்ணின் நீளத்தை 2.5 ஆல் பெருக்கிய தொகையையும், கார்னியாவின் திறனை 0.9 ஆல் பெருக்கிய தொகையையும் கழிக்கவேண்டும். நிலை எண் 118, நீளம் 23.5 மில்லிமீட்டர், கார்னியாவின் திறன் 44 டயாப்டர் எனின், விடை 19.65 ஆகும். மிக நீண்ட கண்களுக்கும் மிகக் குறுகிய கண்களுக்கும் இச்சூத்திரம் பொருந்தாது. எனினும் கணக்கின் போக்கை மாணவர்க்கு விளக்க இது போதும்.

இக்கணக்கில் இடர் விளைவிப்பது கார்னியாவின் திறனே. கார்னியா என்பது கண்ணின் முன்புறத்தே கைக்கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் தெளிந்த படலம். கெரட்டோமீட்டர் என்னும் கருவி அதன் முன்பரப்பின் வளைவு ஆரத்தை மட்டுமே அளக்கிறது. ஆரத்தின் மில்லிமீட்டர் அளவால் 337.5 என்னும் எண்ணை வகுத்தால் திறன் கிடைக்கும். ஆரம் 7.5 எனின் திறன் 45 டயாப்டர். உண்மையில் முன்பரப்பு மட்டும் அளிக்கும் திறனைக் காண 376 என்னும் எண்ணை வகுக்கவேண்டும். கார்னியாவின் பின்பரப்பு சுமார் 6 டயாப்டர் அளவுக்கு ஒளியை விரிப்பதால், அதையும் சேர்த்துக் கணக்கிடும் பொருட்டு 376-ஐக் குறைத்து 337.5 என வைத்துக்கொண்டனர். முன்பரப்புக்கும் பின்பரப்புக்கும் உள்ள விகிதம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது இதன் உட்கோள். இயற்கையான கண்ணில் இது பெரும்பாலும் பிழைபடுவதில்லை.

லேசிக் போன்ற சிகிச்சை இந்த உட்கோளைக் குலைத்துவிடுகிறது. கிட்டப்பார்வையைப் போக்க, கார்னியாவின் நடுப்பகுதியை லேசர் கதிரால் சீவித் தட்டையாக்குகின்றனர். முன்பரப்பு மாறுகிறது, பின்பரப்பு ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. ஆகவே விகிதம் பழைய விகிதமன்று.

ஓர் உதாரணம் காண்போம். கார்னியாவின் திறன் 44 டயாப்டர் உள்ள ஒருவர், 6 டயாப்டர் குழிலென்ஸ் மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார் என்க. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே 12 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால், கார்னியாவின் மேல் குறைக்கவேண்டியது 5.6 டயாப்டர். சிகிச்சைக்குப் பின் உண்மையான திறன் 38.4 ஆகும். ஆனால் கெரட்டோமீட்டரோ நிகழ்ந்த மாற்றத்தில் பத்தில் ஒன்பது பங்கையே காட்டும், அதாவது 39.0 என்று காட்டும். அதற்கு மேல், அக்கருவி மையப் புள்ளியை அளப்பதில்லை. சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் அளக்கிறது. மிகத் தட்டையான மையம் அதன் பார்வைக்குத் தப்புவதால் பிழை மேலும் கூடும்.

இவற்றைவிடப் பெரிதாகக் கூடிய பிழை ஒன்று மறைந்து கிடக்கிறது. செயற்கை லென்ஸ் கண்ணினுள் எவ்வளவு ஆழத்தில் அமரும் என்பதைப் பிற்காலச் சூத்திரங்கள் பல கார்னியாவின் வளைவைக் கொண்டே ஊகிக்கின்றன. தட்டையான கார்னியா என்றால் லென்ஸ் முன்தள்ளி அமரும் என்று அவை கொள்ளும். லேசர் தட்டையாக்கியது கார்னியாவை மட்டுமே. உள்ளறையின் ஆழம் மாறவில்லை என்பதைச் சூத்திரம் அறியாது. இப்பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை. எல்லாம் ஒரே திசையில் கூடி, தேவைக்குக் குறைந்த திறனுள்ள லென்ஸையே தேர்ந்தெடுக்கச் செய்கின்றன. முடிவில் நோயாளிக்குத் தூரப்பார்வைக் குறை எஞ்சுகிறது. தொலைவும் தெளிவில்லை, அருகும் தெளிவில்லை. கண்ணாடியை ஒழிப்பதற்கென்றே இளமையில் பணம் செலவிட்டவருக்கு இது பெரும் ஏமாற்றமாகும். தூரப்பார்வைக்காக லேசர் சிகிச்சை பெற்றவருக்கு இதே பிழைகள் எதிர்த்திசையில் செல்லும்.

இதற்கு முதலில் சொல்லப்பட்ட பரிகாரம், பழைய குறிப்புகளைத் தேடி, சிகிச்சைக்கு முந்திய திறனிலிருந்து திருத்தப்பட்ட அளவைக் கழிப்பது. நெடுங்காலம் இது உரைகல்லாக மதிக்கப்பட்டது. அம்மதிப்பு சற்று மிகை எனலாம். குறிப்பில் ஒரு டயாப்டர் தவறினால் விடையும் ஒரு டயாப்டர் தவறும். புரையே கிட்டப்பார்வையை உண்டாக்கக்கூடுமாதலால், புரை தொடங்கிய பின் எடுத்த அளவு கணக்கைக் கெடுக்கும். 2003-இல் அரம்பெர்ரி என்பார், ஆழத்தை ஊகிக்கப் பழைய வளைவையும் ஒளித்திறனுக்குப் புதிய வளைவையும் தனித்தனியே பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பழைய குறிப்பு இல்லாதபோதும் பயன்படும் ஹைகிஸ்-எல், ஷம்மாஸ், பாரெட் ட்ரூ-கே முதலியன பின்னர் வழக்கில் வந்தன. கார்னியாவின் பின்பரப்பையும் நேரே அளக்கும் கருவிகளும் உள்ளன. ஒரே சூத்திரத்தை நம்பாமல் பலவற்றின் விடைகளை ஒப்பிட்டு, சிறிதளவு கிட்டப்பார்வை எஞ்சுமாறு லென்ஸைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழக்கம். கிட்டத்தையும் தூரத்தையும் ஒருங்கே காட்டுவதாகச் சொல்லப்படும் பன்முகக் குவிய லென்ஸ்கள் ஒளியைப் பங்கிடுவன. சீரிழந்த கார்னியாவின் பின்னே அவற்றை வைத்தால் பார்வையின் துலக்கம் மேலும் குறையக்கூடும். பலருக்கு ஒருகுவிய லென்ஸே ஏற்றது.

லேசருக்கு முன்பு கார்னியாவில் கத்தியால் ஆரக்கீறல்கள் இடும் சிகிச்சை இருந்தது. 1970-களில் சோவியத் நாட்டில் ஃபியோதரோவ் இதைப் பரப்பினார். இக்கண்களில் இருபரப்பும் தட்டையாகின்றன. பார்வை காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் இருப்பதுண்டு. புரை அகற்றியபின் கார்னியா வீங்கித் தற்காலிகமாக மேலும் தட்டையாவதால், கண்ணாடி எழுதிக்கொடுக்க வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

முகாம்களில் பதிவேடு எழுதுவோர் "கண்ணில் ஆபரேஷன் ஆனதுண்டா?" என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வர், லேசரை அவர்கள் ஆபரேஷனாகக் கருதுவதில்லை. "கண்ணாடியைக் கழற்றுவதற்காக ஏதேனும் சிகிச்சை செய்துகொண்டீர்களா?" என்று கேட்பது பயன் தரும். கண்ணின் நீளம் 26 மில்லிமீட்டர், கார்னியாவின் திறனோ 40-க்கும் கீழே, ஆனால் கண்ணாடி அணிந்த வழக்கமே இல்லை என்றால் ஐயங்கொள்ளவேண்டும். ஆரக்கீறல்கள் விளக்கொளியில் சக்கரத்தின் ஆரங்கள்போல் தெரியும். லேசிக்கின் வடு அவ்வளவு எளிதில் புலப்படாது. லேசர் சிகிச்சை பெறப்போகும் இளைஞர், முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டுகளைப் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து வைக்குமாறு ஆசிரியர்கள் கூறலாம். அவை முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேவைப்படலாம்.

இவ்வளவு கவனித்தும் திறன் தவறினால், கண்ணாடி அணியலாம். முதல் லென்ஸின் முன்னே இரண்டாவது லென்ஸ் ஒன்றை வைக்கலாம். அல்லது லென்ஸையே மாற்றலாம். மாற்றுவதாயின், லென்ஸைத் தாங்கும் பை சுருங்கி இறுகுவதற்கு முன், முதற்சில வாரங்களில் செய்வது எளிது.