கரிம இரசாயனம் தொடங்குமுன்

ஆரணியில் பட்டு நெய்யும் இல்லங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள், கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைக்கையில் செரிசின் என்னும் பசை கரைந்து, எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்து, கிளைசின், அலனின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுந்த ஃபைப்ராயின் என்னும் புரதம் எஞ்சுவதை எண்ணிப் பார்ப்பார்களாயின், கரிம இரசாயன சாஸ்திரம் தமக்கு அந்நியமானதன்று என்பதை உணர்வார்கள்.

விடுமுறையிலேயே பதினோராம் வகுப்பு வேதியியல் நூலின் இரண்டாம் தொகுதியை மீண்டும் வாசித்துவிடுங்கள். கார்பனுக்கு நான்கு பிணைப்பு, நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்ஸிஜனுக்கு இரண்டு என்னும் கணக்கு கைப்பழக்கமாகும்வரை அமைப்பு வாய்பாடுகளைத் தினந்தோறும் வரையுங்கள்.

களிமண் உருண்டை ஒன்றை அலனினின் நடுக் கார்பனாகக் கொண்டு, ஒரே தளத்தில் அமையாத நான்கு ஈர்க்குச்சிகளில் நான்கு நிற உருண்டைகளைச் செருகி, அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் அவ்வாறே செய்து, ஒன்றன்மேல் ஒன்றை எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தாமையைக் கண்ணாரக் காணுங்கள். பல பக்க விளக்கத்தைவிட இது தெளிவு தரும்.

வினைகளை நெட்டுருச் செய்தல் வீண் பிரயாசையே. சாயத்தொட்டியில் அமிலம் சேர்க்கையில், பட்டின் அமினோ தொகுதி புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள சாயத்தை ஈர்க்கிறது. எந்த வினையாயினும், எலக்ட்ரான் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு வளைந்த அம்புக்குறி வரைந்து, இவ்வாறே காரணம் கூறிப் பழகுங்கள். ஐயம் எழுந்தால் அன்றன்றே ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த பாடம் அன்றைய பாடத்தின்மீதே எழுப்பப்படும்.