நம்பிக்கைகளும் உண்மைகளும்: எல்கே-99ஐ அமுக்கியது யார்?

"அறை வெப்பநிலையிலேயே வேலை செய்கிற மீகடத்தியைக் கொரியாக்காரன் கண்டுபிடிச்சுட்டான் சார், எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிட்டாங்க." எந்தக் கல்லூரிக்குப் பேசப் போனாலும் கேள்வி நேரத்தில் இது வந்துவிடுகிறது. பிள்ளைகள் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களும் அல்லவா கேட்கிறார்கள்!

அமுக்குவதற்கு அதில் என்ன இருந்தது? 2023 ஜூலையில் சோல் நகர ஆய்வுக்குழு எல்கே-99 என்ற அந்தப் பொருளைப் பற்றி ஆர்க்கைவ் தளத்தில் கட்டுரையை ஏற்றியபோது செய்முறையையும் சேர்த்தே போட்டுவிட்டது. ஈய சல்பேட் சேர்மம் ஒன்றையும் செம்புப் பாஸ்பைடையும் பொடித்துக் கலந்து, காற்று நீக்கிய குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, 925 டிகிரி உலையில் சுட வேண்டும். சில நாள்களிலேயே பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். டெல்லியில் நம் தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்தது. மின்தடை அறவே மறையும் மீகடத்தல் தென்படவில்லை.

அப்படியானால் கொரியர்கள் அளந்தது என்ன? 104 டிகிரி செல்சியஸ் வாக்கில் மின்தடை சட்டென விழுந்தது நிஜம்தான். ஆனால் அந்த உலையில் செம்புச் சல்பைடும் கூடவே விளைகிறது. அதே 104 டிகிரியை ஒட்டித்தான் அதன் படிக அமைப்பு மாறும். அந்த எண்ணைப் பார்த்ததுமே இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெய்ஜிங் இயற்பியல் கழகத்தார் செம்புச் சல்பைடைத் தனியே எடுத்து அளந்தார்கள். மின்தடை ஆயிரம் மடங்குக்கு மேல் சரிந்தது. கதை அங்கேயே முடிந்தது. கொரியர்கள் காட்டிய வீடியோவில் மிதந்த கல்லும் முழுசாக மிதக்கவில்லை, ஒரு ஓரத்தை ஊன்றித்தான் நின்றது. மாதிரியில் சிறிதளவு ஃபெரோகாந்தத்தன்மை இருந்தாலே அப்படி நிற்கும் என்று பீகிங் பல்கலைக்கழகம் காட்டியது. ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் கழகம் கந்தகமே சேராத தூய படிகத்தை வளர்த்தது. ஊதா நிறம், ஒளி ஊடுருவும், மின்தடையோ லட்சக்கணக்கான ஓம். மீகடத்தியாம்! அது ஒரு மின்காப்புப் பொருள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மீகடத்தி வந்தால் கரண்ட் பில் இருக்காது என்பார்கள். கம்பியில் வீணாவது மிஞ்சும், உற்பத்திச் செலவு எங்கே போகும்? மீகடத்தி வெறும் ஆய்வகப் பொம்மை என்பவர், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் திரவ ஹீலியத்தில் குளிர்ந்துகிடக்கும் நியோபியம்–டைட்டானியம் கம்பிச்சுருளை நினைத்துக்கொள்ளட்டும். 'நேச்சர்' இதழில் வந்தால் வேதவாக்கா? இயற்பியலாளர் ரங்கா டயஸ் குழுவின் 2020, 2023 மீகடத்திக் கட்டுரைகள் இரண்டையும் அந்த இதழே திரும்பப் பெற்றது. அறை வெப்பநிலையை நெருங்கியாயிற்றே என்பவருக்கு: லாந்தனம் ஹைட்ரைடின் மீகடத்தல் 250 கெல்வினைத் தொட்டது மெய்தான், ஏறக்குறைய பதினேழு லட்சம் வளிமண்டல அழுத்தத்தில்!

இந்த வதந்திகள் ஏன் இத்தனை சுலபமாக விலைபோகின்றன? எம்.எஸ்ஸி. ஆய்வகத்தில் மின்தடையை அளக்கும் நான்கு முனைச் சோதனையைக் கையால் செய்தவர்கள் குறைவு. வெளி முனை இரண்டில் மின்னோட்டம், உள் முனை இரண்டில் மின்னழுத்தம். இணைப்புகளின் தடை கணக்கில் நுழையாது. ஜெர்மானியத் துண்டில் இதை ஒருமுறை ஒழுங்காக அளந்தவர், வரைபட அச்சின் அளவுகோலைப் பார்க்காமல் 'தடை பூஜ்யம்' என்று நம்பமாட்டார். நாமோ சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைபடம் போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம்.

துறைத்தலைவர்களே, அலமாரியில் தூசி படிந்த அந்த நான்கு முனைக் கருவியை இந்தப் பருவத்திலாவது வெளியே எடுங்கள். மாணவர் எடுத்த அளவு புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் மதிப்பெண் போடுங்கள்.