ரத்தம் நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தோடு ரத்தம், சளி. 'மூலச்சூடுதான்' என்று மோர் குடித்தே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். வாரக்கணக்கில் நீடித்தால் உஷார்! அது பெருங்குடலில் புண் உண்டாக்கும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' ஆக இருக்கலாம். குடலில் எங்கும் வரக்கூடிய 'க்ரோன்ஸ்' நோயாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய் மாதிரிதான். மாத்திரையால் அடக்கி வைக்கலாம், அடியோடு விரட்ட முடியாது.

"வருஷக்கணக்கில் மருந்தா? எங்களுக்குக் கட்டுப்படியாகாதே!" என்கிறீர்களா? அரசு மருத்துவமனை இருக்கிறது.

எங்கே போவது?

உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் குடல், இரைப்பை நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஓ.பி. எந்தக் கிழமை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன பரிசோதனை?

ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிதான் முக்கியம். அப்போதே சிறு துணுக்குச் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன்ஸ் மாதிரியே தெரியும். காசநோய் என்று தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவிவிடும். எனவே, ரிப்போர்ட் தாமதமானால் டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். காசநோய்தான் என்றால் அதற்கும் அரசு மருந்து இலவசம்.

ஆபத்து எங்கே?

சல்ஃபாசலசின் அல்லது மெசலமைன் சாப்பிட்டதும் சில வாரங்களில் பலருக்கு ரத்தம் நிற்கும். "இப்போ நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வரிசையில நிக்கணும்?" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து! வெளியே ரத்தம் நின்றாலும் உள்ளே அழற்சி மிச்சம் இருக்கலாம். மருந்தை விட்டால் நோய் திரும்பும். சில சமயம் முன்பைவிடக் கடுமையாக.

மனதில் வையுங்கள்:

* ஒரு வார மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த தவணைக்குப் போய்விடுங்கள். 'ஸ்டாக் இல்லை' என்றால் வெறுங்கையோடு திரும்பாமல் டாக்டரிடம் மாற்று எழுதி வாங்குங்கள்.

* ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, நீட்டிக்கவும் கூடாது.

* அசாதயோப்ரின் சாப்பிட்டால், சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

* மூட்டுவலி, தலைவலிக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள். சில மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளறிவிடும்.

* பெருங்குடல் நோய் வந்து 8 வருடம் ஆனால், சௌக்கியமாக இருந்தாலும் கொலனோஸ்கோபி அவசியம். புற்றுநோய் வந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

* பழைய ரிப்போர்ட், பயாப்சி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஓ.பி.யில் டாக்டர்கள் மாறுவார்கள்; உங்கள் கதையைச் சொல்ல ஃபைல் இருக்க வேண்டும்.

ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போகிறதா? கூடவே காய்ச்சல், வயிற்று உப்புசமா? ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு, அந்த ஃபைலோடு கிளம்புங்கள்.