பழைய செங்கற்சுவரில் புதிய மச்சு

விதை நெல்லையும் வீட்டுத் தானியத்தையும் ஈரத்தினின்று காப்பதற்கு அறையினுள் மரத்தால் மச்சு அமைத்துக் கொள்வது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கமாகும். வீடு கட்டும்போதே மச்சையும் கட்டினால் தொல்லை இல்லை. கட்டி முடிந்த வீட்டில் பின்னர் அமைக்கும்போதுதான் ஆபத்து நேர்கிறது. கட்டை எவ்வளவு உறுதியாயினும், தாங்கும் சுவர் இடங்கொடாவிடில் பயன் என்ன? ஆகவே பளு எவ்வழியாகத் தரையைச் சென்றடைகிறது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

பளுவின் கணக்கு

3 மீட்டர் அகலமுள்ள ஓர் அறையில் குறுக்குக் கட்டைகளை 40 செ.மீ.க்கு ஒன்றாக அமைப்பதாகக் கொள்வோம். ஒரு கட்டை 1.2 சதுர மீட்டர் தளத்தைத் தாங்கும். சதுர மீட்டருக்குப் பொருளின் பளு 200 கிலோ, மரத்தின் பளு 50 கிலோ எனில், கட்டை ஒன்றுக்கு 300 கிலோ ஆகிறது. இதில் பாதி, அதாவது 150 கிலோ, சுவரின் ஒவ்வோர் இடத்திலும் இறங்கும். இதற்கு 5 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமுமுள்ள நன்கு உலர்ந்த தேக்குக் கட்டையை நிமிர்த்தி வைத்தல் தகும்.

200 கிலோ என்பது 40 கிலோ மூட்டைகள் ஐந்து மட்டுமே. நெல்லை உதிரியாகக் கொட்டினால் 35 செ.மீ. உயரத்திலேயே இவ்வளவு நிறைந்துவிடும். அதற்குமேல் குவிப்பது கூடாது.

தாங்கும் முறைகள் மூன்று

முதலாவது, சுவரில் குழியெடுத்துக் கட்டையின் நுனியைப் பொருத்துவது. சுவர் 23 செ.மீ. கனமும், சாந்து உறுதியும் உடையதாயின் இது ஏற்றது. குழி 10 செ.மீ. ஆழம் போதும். அடியில் தட்டையான கருங்கல் துண்டைச் சாந்திட்டுப் பதித்து, அதன்மேல் கட்டையை அமர்த்துக. நுனிக்கு மரக்காப்பு மருந்து பூசி, சுற்றிலும் சிறிது காற்றிடம் விடுக. இன்றேல் ஈரம் தங்கி நுனி உளுத்துவிடும். குழிகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க வேண்டும். சுவர் நெடுகத் தொடர்ந்து வெட்டுவது சுவரையே இரண்டாக அறுப்பதற்கு ஒப்பாகும். வாயில், சன்னல் இவற்றின் நேர்மேலே குழி எடுத்தல் தவறு.

இரண்டாவது, சுவரோரமாக நீளச் சட்டம் ஒன்றைப் போல்ட்டுகளால் இறுக்கி, அதன்மேல் கட்டைகளை ஏற்றுவது. போல்ட்டு சுவரை ஊடுருவி, மறுபுறம் அகன்ற இரும்புத் தகட்டில் முடிதல் நலம். ஆணி மட்டும் அடித்து நம்புதல் கூடாது.

மூன்றாவது, சுவரை நம்பாமல் அதையொட்டித் தூண்களை நிறுத்தி, உத்திரம் வைத்துக் கட்டைகளை ஏற்றுவது. தூணின் கீழ் உறுதியான கல் அடித்தளம் வேண்டும். மரம் மண்ணைத் தொட்டால் கறையான் ஏறும்.

எதைக் கொள்வது?

செங்கல் இடுக்கிலுள்ள சாந்தை ஓர் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலும், மண் சாந்தாயிருந்தாலும், சுவர் ஒரு செங்கல் அகலமே உடையதாயினும், அல்லது விரிசல் கண்டிருந்தாலும், மூன்றாம் முறையே தக்கது. கூரையின் பளுவையும் அச்சுவரே சுமக்கிறது என்பதை மறத்தலாகாது.

தூண்களுக்கு ஆகும் செலவு சிறிதே. மச்சு சரிந்தால் கீழே உறங்கும் குழந்தைகளுக்கு நேரும் தீங்கோ ஈடு செய்ய முடியாதது. ஐயமுள்ள இடத்தில் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கலந்து கொள்ளுமாறு ஊராட்சி உறுப்பினர்கள் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.