பாறை விரிசலில் ஏறும் தண்ணீர்: எக்ஸெல்லில் ஒரு சின்ன மாடல்

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு சார். எக்ஸெல்லில் மளிகைக் கணக்கைத் தவிர வேறு என்ன செய்யலாம்?" சிந்தாதிரிப்பேட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இந்த மாதப் பாடமாகத் தருகிறேன்.

எங்கள் இருவர் வீட்டுக்கும் ஒரே போர்தான். 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது, நாங்களும் இரவு பகலாக மோட்டார் போட்டோம். சில வாரங்களில் தண்ணீர் உப்புக் கரித்தது. மெதுவாக எடுத்திருந்தால் தப்பித்திருக்குமோ? எரிவாயு எடுப்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு.

புதுச்சேரிக்கு அருகே வங்கக் கடலில் பிஒய்-1 என்ற எரிவாயு வயல் இருக்கிறது. ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளொரேஷன் கம்பெனி 2009ல் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. வழக்கமாக எரிவாயு, மணற்பாறையின் நுண்துளைகளில் ஸ்பாஞ்சில் தண்ணீர் போலத் தங்கியிருக்கும். இங்கே பாறை கிரானைட். அதன் விரிசல்களில்தான் வாயு இருக்கிறது. வியட்நாமின் 'வெள்ளைப் புலி' வயலில் 1988ல் எண்ணெய் கண்டதும் இத்தகைய பாறையில்தான்.

இதில் ஒரு சிக்கல். பெரிய விரிசல்கள் மெயின் ரோடு மாதிரி. வாயு வேகமாக வரும். அடியில் தண்ணீர் இருந்தால் அதுவும் அதே ரோட்டில் வேகமாக ஏறிவிடும். சிறு கீறல்கள் சந்து மாதிரி. அவற்றில் உள்ள வாயு மெல்லத்தான் கசிந்து பெரிய விரிசலுக்கு வரும். ரோட்டில் தண்ணீர் நிறைந்துவிட்டால் சந்தில் உள்ள வாயு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இப்படி இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை 1960ல் சோவியத் அறிஞர் பாரன்பிளாட்டும் சகாக்களும், 1963ல் அமெரிக்காவின் வாரன், ரூட் இருவரும் வெளியிட்டார்கள். அதன் குட்டி வடிவத்தை நாம் செய்து பார்ப்போம்.

எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் ஏ முதல் டி வரை தலைப்புகள்: மாதம், சிறு கீறல், கசிவு, பெரு விரிசல். இரண்டாம் வரிசையில் மாதம் 0, சிறு கீறல் 400, பெரு விரிசல் 100. கசிவைக் காலியாக விடுங்கள். எஃப்2 செல்லில் 40 என டைப் செய்யுங்கள். இதுதான் மாதா மாதம் நாம் எடுக்கும் அளவு. ஏ3 முதல் கீழே 1, 2 என்று 20 வரை மாதங்களைப் போடுங்கள்.

இனி மூன்றாம் வரிசை. ஒவ்வொரு செல்லிலும் முதலில் சமக்குறி போட்டு, செல்களை மவுஸால் கிளிக் செய்து ஃபார்முலா அமையுங்கள். முடிவில் என்டர் தட்டுங்கள்.

1. சி3: பி2வைக் கிளிக் செய்து, பெருக்கல் குறி, பிறகு 0.05. மாதம் 5 சதவீதம் கசிகிறது என்று பொருள்.

2. பி3: பி2 கழித்தல் சி3.

3. டி3: டி2 கூட்டல் சி3 கழித்தல் எஃப்2. எஃப்2வைக் கிளிக் செய்ததும் எஃப்4 கீயை ஒரு முறை தட்டுங்கள். டாலர் குறிகள் விழும். கீழே இழுக்கும்போது அந்த செல் மாறாமல் நிற்கும்.

பி3 முதல் டி3 வரை செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை 20ஆம் மாதம் வரை இழுங்கள்.

பெரு விரிசல் காலத்தைப் பாருங்கள். 80, 59 என்று இறங்கி, 5ஆம் மாதம் மைனஸ் காட்டும். விரிசலில் வாயு தீர்ந்து, அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நான்கு மாதத்தில் எடுத்தது 160.

இப்போது எஃப்2வில் 20 போடுங்கள். 17ஆம் மாதம்தான் மைனஸ் வரும். பதினாறு மாதத்தில் 320! அதே பாறை, பாதி வேகம், இரட்டிப்பு வாயு. (20க்குக் கீழே போகாதீர்கள். விரிசலின் கொள்ளளவு 100தான். கணக்கு அதைத் தாண்டிக் காட்டும்.)

நிஜத்தில் வாயு அழுத்தத்துக்கு ஏற்ப விரியும், தண்ணீர் முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். பெரிய சாஃப்ட்வேர்கள் இவற்றையும் சேர்த்து, பாறையை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஆனால் அந்த 0.05ஐ யாரும் கண்ணால் பார்க்க முடியாது. கிணற்றை மூடிவைத்து, அழுத்தம் ஏறும் விதத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். அது தப்பினால் கோடிக்கணக்கில் பணம் போகும், வாயுவும் அடியிலேயே தங்கும்.

வீட்டுப்பாடம்: சி3ல் 0.05ஐ 0.02 ஆக்கி, மறுபடி இழுங்கள். எஃப்2வில் 20 இருக்கட்டும். 8ஆம் மாதமே மைனஸ் வந்தால் நீங்கள் செய்தது சரி.

"அப்போ நம்ம போர்?" என்றார் நண்பர். நம் தெருவுக்கு அடியில் மணலும் களிமண்ணும்தான், கிரானைட் கணக்கு அப்படியே பொருந்தாது என்றேன். ஆனால் ஊறும் வேகத்தைவிட உறிஞ்சும் வேகம் அதிகமானால் என்ன ஆகும் என்று இரண்டுமே சொல்கின்றன. மறுநாள் மோட்டார் ரூம் சுவரில் ஒரு பிரின்ட் அவுட் ஒட்டியிருந்தது: காலை அரை மணி, மாலை அரை மணி. எக்ஸெல்லில் அடித்திருந்தார்!