நூறு கை, நூறு ஏஸ்

"இந்தச் சீட்டாட்ட ஆப் எனக்கு மட்டும் ஏஸே போடமாட்டேங்குதுடா" என்று புலம்பிய சித்தி, ஆதாரத்துக்கு ஒரு நோட்டையும் நீட்டினார். 40 கையில் 22 கை ஏஸ் இல்லாதவை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விசாரித்தால், தோற்ற கைகளை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார்!

சோதிக்க ஆசையிருந்தால், 52 சீட்டை நாலு பேருக்கு 13 வீதம் போடும் ஆட்டமாக எடுங்கள். ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் எதுவானாலும் சரி, காசில்லாததாக இருக்கட்டும். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது.

எதை எண்ணுவது என்பதை ஆடுமுன் முடிவு செய்யுங்கள். ஏஸ் போதும். பாதியில் "ராஜாவும் வரலையே" என்று கட்சி மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாரும் சறுக்குவது எழுதுவதில்தான். கை விழுந்ததும், முதல் சீட்டை இறக்குமுன், எத்தனை ஏஸ் என்று ஓர் எண் எழுதுங்கள். ஹார்ட்ஸில் மூன்று சீட்டு மாற்றிக்கொள்வதற்கும் முன்பே. மோசமான கை என்று மேசையைவிட்டு எழுந்து போனாலும் அந்தக் கை கணக்கில் உண்டு. ஏஸ் இல்லையென்றால் 0 போடுங்கள், காலியாக விடாதீர்கள். காலி இடத்தை மறுநாள் பார்த்தால் மறந்ததா, இல்லாததா என்று தெரியாது. காகிதமும் பேனாவும்தான். போனிலேயே குறிக்கிறேன் என்றவர் யாரும் 30 கையைத் தாண்டியதில்லை.

100 கை ஆனதும் கூட்டுங்கள். கட்டில் நாலு ஏஸ், ஆள் நாலு பேர். சராசரி கைக்கு ஒன்று, ஆக 100 வரவேண்டும். 84-லிருந்து 116 வரை வந்தால் ஆப்பைத் திட்டாதீர்கள். வெளியே போனாலும் உடனே குதிக்க வேண்டாம். ஒழுங்காகக் கலைத்த கட்டிலும் இருபது முறைக்கு ஒருமுறை அப்படி ஆகும். புதிதாக இன்னொரு நூறு எழுதுங்கள். பழைய நூறை அதோடு சேர்க்கக் கூடாது. இரண்டாவதும் அதே பக்கமாகவே சாய்ந்தால்தான் விஷயம்.

நூற்றில் சுமார் 30 கை ஏஸே இல்லாமல் வருவது இயல்பு. சித்திக்கு இதை நம்பவைக்கத்தான் பெரும்பாடு. எல்லாக் கையையும் எழுதச் சொன்னேன்: 100 கையில் 31.

அப்படியும் "வீட்டுச் சீட்டில் இப்படி வராதே" என்பார்கள். வராதுதான். வீட்டில் நாம் இரண்டு மூன்று தடவை கலைத்துவிட்டுப் போடுகிறோம். கட்டைப் பாதியாக்கிச் சரசரவென்று கோத்துக் கலைப்பதாக இருந்தாலே ஏழு தடவை வேண்டும் என்று கணித வல்லுநர்கள் பேயரும் டயகோனிஸும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அரைகுறையாகக் கலைத்த கட்டில் போன ஆட்டத்தின் அடுக்கு மிச்சமிருக்கும்.

நோட்டுக்கு அகப்படாத கோளாறும் உண்டு. 1999-இல் ஓர் ஆன்லைன் போக்கர் மென்பொருள், நள்ளிரவிலிருந்து ஓடிய மில்லிநொடிகளை விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, வைத்துச் சீட்டைக் கலைத்தது. ஒரு நாளைக்கு 8.64 கோடி விதைதான். ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் நிறுவன ஆட்கள் தங்கள் இரண்டு சீட்டையும் மேசையில் திறந்த மூன்றையும் வைத்தே மற்றவர் கையைச் சொல்லிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து நீங்கள் ஏஸ் எண்ணியிருந்தால், கணக்கு அநேகமாகச் சரியாகவே வந்திருக்கும்.