எரிமலையின் மூச்சு

எரிமலை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நெருப்பாறுபோல் ஓடிவரும் பாறைக்குழம்பேயாம். ஆயினும், மலையைப் பிளந்து வானளாவச் சாம்பலை எறியும் ஆற்றல், அக்குழம்பினுள் ஒடுங்கிக் கிடக்கும் வாயுக்களுக்கே உரியது. அவற்றின் இயல்பையும், அவற்றை ஆராய்வதால் விளையும் பயனையும் ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

மூடிய சோடாப் புட்டியிலுள்ள வாயு கண்ணுக்குப் புலனாவதில்லை. கோலியை உள்ளே அழுத்தியவுடன் அமுக்கம் குறைய, கரைந்திருந்த வாயு குமிழிகளாகிப் பொங்குகின்றது. பூமியின் ஆழத்திலுள்ள பாறைக்குழம்பின் நிலையும் இத்தகையதே. மேலுள்ள பாறைகளின் பாரத்தால் நீராவியும், கரியமில வாயுவும், கந்தக வாயுக்களும் அதில் கரைந்துள்ளன. இவற்றுள் மிகுதியானது நீராவி. குழம்பு மேலெழுந்தோறும் அமுக்கம் தளர்ந்து, வாயுக்கள் குமிழிகளாகப் பிரிகின்றன.

குழம்பு இளகியதாயின் குமிழிகள் எளிதில் வெளியேறும். ஹவாய்த் தீவிலுள்ள கிலாவேயா எரிமலை பெரும்பாலும் ஆரவாரமின்றிக் குழம்பைச் சொரிவது இதனாலேயே. சிலிகா மிகுந்து, குழம்பு பிசின்போல் இறுகியிருப்பின் குமிழிகள் சிறைப்படும். பின்னர்ச் சிறை பொறாது விரிந்து, குழம்பையே தூள்தூளாகச் சிதறடிக்கும். நீரில் மிதக்கும் நுரைக்கல்லின் துளைகள் அக்குமிழிகள் விட்டுச்சென்ற சுவடுகளே.

இவ்வாயுக்களுள் கந்தக-டை-ஆக்ஸைடு, சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை உட்கொள்ளும் இயல்புடையது. ஆதலின், மலைமேல் ஏறாமலே, தொலைவில் நின்று கருவியால் அதன் அளவைக் கணிக்கலாம். 1991-ஆம் ஆண்டில், பிலிப்பைன் தீவுகளிலுள்ள பினதூபோ மலை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு உறக்கத்தினின்று விழித்தது. மே 13-ல் நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த இவ்வாயு, மே 28-ல் 5,000 டன்னுக்கு மேற்பட்டது. பின்னர்ச் சடுதியில் குறைந்தது. மலை தணிந்ததென்று மகிழலாமோ? வாயு செல்லும் வழி அடைபட்டிருக்கலாமென ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். நில அதிர்ச்சிகளையும் உடன்நோக்கி மக்களை எச்சரித்தனர். பல்லாயிரவர் இடம் பெயர்ந்தனர். ஜூன் 15-ல் மலை பேரொலியுடன் வெடித்தது. மழையில் நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து பல நூற்றுவர் மாண்டனர். ஆயினும், எச்சரிக்கையால் உயிர் தப்பியோர் 5,000 பேருக்குக் குறையார் என மதிப்பிட்டுள்ளனர்.

இவ்வாராய்ச்சி உயிரைக் காப்பதேயன்றி, உயிரைக் கேட்பதும் உண்டு. 1993-ஆம் ஆண்டு ஜனவரி 14-ல், கொலம்பியா நாட்டுக் கலேராஸ் எரிமலையின் வாயருகே விஞ்ஞானிகள் சிலர் வாயுவைச் சேகரித்துக்கொண்டிருந்தனர். மலை அமைதியாகவே காணப்பட்டது. வெளிப்பட்ட வாயுவும் சொற்பமே. திடீரென மலை வெடிக்க, அறுவர் விஞ்ஞானிகளும், காண வந்த மூவரும் உயிர் நீத்தனர்.

மூச்சு மிகுவது எரிமலைக்கு ஓர் அறிகுறி. மூச்சு அடங்குவதும் ஓர் அறிகுறியே. கருவி காட்டும் எண் குறைந்தால், பொருள் குறைந்ததோ, வழி அடைபட்டதோ என்று வினவுதல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கும் நாம் ஒவ்வொருவரும் இவ்வினாவை மறவாதிருப்போமாக.